ரோமானிய அமைதி யாருக்குக் கிடைத்தது?

"ரோமானியப் பேரரசில் இருநூறு வருடம் அமைதியும் செழிப்பும் இருந்தது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் பேரரசின் எந்த மூலையில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறிவிடும்.

பாக்ஸ் ரோமானா, அதாவது ரோமானிய அமைதி, என்று சொல்லப்படுவது கி.மு. 27இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சி தொடங்கியதிலிருந்து கி.பி. 180இல் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் இறந்தது வரையிலான காலம். அதற்கு முன்பு ரோமானியர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட உள்நாட்டுப் போர்கள் ஓய்ந்தபாடில்லை, அதில் சலித்துப்போனவர்களுக்கு ஒரே ஆள் ஆண்டாலும் பரவாயில்லை, சண்டை நின்றால் போதும் என்றாகிவிட்டது. அகஸ்டஸ் படையைப் பாதிக்கு மேல் குறைத்து, அனுப்பிவைத்த வீரர்களுக்கு நிலம் கொடுத்து, மீதிப் படையில் பெரும்பகுதியை எல்லையோரங்களில் நிறுத்தினார். கடற்கொள்ளையும் பெருமளவு அடங்கியது. சாலைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், என்னைக் கேட்டால் செழிப்புக்குக் காரணம் கடல்தான், ஏனென்றால் கனமான சரக்கை மாட்டுவண்டியில் தூர தேசத்துக்குக் கொண்டுபோனால் கூலியே விலையைத் தின்றுவிடும்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ரோம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் மான்டே டெஸ்டாச்சோ என்ற குன்று. சுமார் 35 மீட்டர் உயரம், முழுக்க முழுக்க உடைந்த எண்ணெய்ச் சாடிகள்! பெரும்பாலானவை தெற்கு ஸ்பெயினிலிருந்து கப்பலில் ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்தவை, ஒரு சாடிக்கு ஏறக்குறைய 70 லிட்டர். எடை, அனுப்பிய வணிகர் பெயர் எல்லாம் சாடியின் மேலேயே எழுதியிருப்பார்கள். இன்று தெரியும் குவியலில் பெரும்பகுதி 2ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அடுத்த நூறு வருடத்தில் சேர்ந்தது.

சரி, மறுபக்கம். கி.பி. 70இல் ரோமானியப் படை யூதர்களின் ஜெருசலேம் கோயிலை எரித்தது இதே அமைதிக் காலத்தில்தான். பிரிட்டனில் பூடிக்கா என்ற பழங்குடி அரசியின் கிளர்ச்சியை ரத்தத்தில் முடித்தார்கள். இன்றைய ருமேனியாவில் இருந்த டேசியாவைப் பேரரசர் டிராஜன் கி.பி. 106இல் பிடித்து அதன் தங்கத்தை ரோமுக்கு அள்ளிக்கொண்டு போனார். அடிமைகளை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரும்பாலும் அமைதியாக இருந்த எகிப்தைப் பாருங்கள். ரோமில் ஏறக்குறைய இரண்டு லட்சம் ஆண்களுக்கு இலவசத் தானியம் போனதில் கணிசமான பங்கு அந்த நாட்டு விவசாயிகளின் வரி. அதற்கு மேல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைவரி வேறு. பேரரசர் நீரோ காலத்தில், எகிப்தின் ஃபாயூம் பகுதியில் பிலடெல்பியா என்ற ஊரில், தலைவரி கட்ட முடியாமல் ஊரைவிட்டே ஓடிப்போனவர்களை அதிகாரிகள் பெயர் பெயராகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன.