ஈட்டி, வில், வளரி மட்டும் வைத்துக்கொண்டு மான் வேட்டையாட முடியுமா? நம் பக்கத்தில் அப்படிச் செய்தார்களா?

கேட்டவர் ஏதோ யூடியூப் காணொளி பார்த்திருக்கிறார். சட்டை போடாத ஒருவர் புதருக்குள் பதுங்கிப் போகிறார், ஈட்டியை எறிகிறார், மான் நின்ற இடத்திலேயே சுருண்டு விழுகிறது. நம் முன்னோர்களும் இப்படித்தான் செய்தார்களா, இன்றைக்கு ஒருவர் பழகினால் முடியுமா என்பது கேள்வி.

எங்கள் ஊர் ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. கொல்லையில் நின்றால் நாகலாபுரம் மலை தெரியும். தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் வேட்டைக்குப் போவார்கள். நான் போனதில்லை. எனக்கு விவரம் தெரிவதற்குள் வேட்டையைத் தடை செய்த 1972 வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுவது திண்ணையில் கேட்டதும், கையில் எடுத்துப் பார்த்ததும்தான்.

முதலில் நேரடிப் பதில்: ஒற்றை ஆளாகப் போய் ஈட்டி எறிந்து மானை வீழ்த்துவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் ஈட்டி இருக்கிறது. ஆறடிக் கல் மூங்கில் கம்பு. இந்த மூங்கிலில் உள்ளே பொந்து இருக்காது, கெட்டியாக இருக்கும். முனையில் ஒரு சாண் நீளத்துக்கு வேப்பிலை வடிவத்தில் இரும்பு, அது கம்போடு சேரும் இடத்தில் ஒரு பூண். கல்லூரி நாட்களில் ஒரு பொங்கல் விடுமுறைக்கு நானும் சித்தப்பா பையன்கள் இரண்டு பேரும் அதைக் கீழே இறக்கினோம். குலை வெட்டிய வாழை ஒன்று கொல்லையில் நின்றது. பதினைந்து அடி தள்ளி நின்று ஆளுக்குப் பத்து முறை எறிந்தோம். எனக்கு இரண்டுதான் பட்டது. அதிலும் ஒன்று கம்பு குறுக்காகப் போய் மோதிக் கீழே விழுந்தது. நகராத வாழை மரம், பட்டப்பகல், நெஞ்சு படபடப்பு எதுவும் கிடையாது. அப்போதே இந்தக் காணொளி சமாசாரம் எனக்குத் தெளிந்துவிட்டது. பாட்டி வந்து திட்டினார். "அது எறியுறதுக்கு இல்லடா, குத்துறதுக்கு" என்றார்.

விஷயமே அதுதான். ஈட்டி பன்றிக்கான ஆயுதம். காட்டுப்பன்றி காயப்பட்டாலோ மடக்கப்பட்டாலோ ஆளைப் பார்த்துத் திரும்பி வரும். வருகிறதை நின்று குத்தலாம். வெள்ளைக்காரர்கள் குதிரைமேல் ஏறி ஈட்டியோடு விரட்டியதும் பன்றியைத்தான். மீரட் பக்கத்தில் காதிர் கோப்பை என்று அதற்குப் போட்டியே வைத்திருந்தார்கள். மான் திரும்பி வராது. காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் அடித்தால் நாம் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டிருக்கும். அதுவும் புள்ளிமான் கூட்டம் என்றால் இருபது மூக்கு, நாற்பது காது. ஒன்று கீச்சென்று கத்தினால் போதும், மேலே மரத்தில் இருக்கும் குரங்கும் சேர்ந்துகொள்ளும். ஈட்டி போய்ச் சேரும் தூரத்துக்கு ஒரு மனிதன் நெருங்குவது அதிர்ஷ்டத்தில் நடந்தால் உண்டு. வில் கொஞ்சம் தேவலை. அதற்கும் நன்றாக நெருங்கிப் போயாக வேண்டும்.

சரி, அப்படியானால் மான் எப்படிக் கிடைத்தது? வலையில்.

தாத்தா காலத்தில் கற்றாழை நாரைத் திரித்து விரல் தடிமனில் வலை பின்னுவார்களாம். ஆள் உயரம். மலை அடிவாரத்தில் இரண்டு பாறைக்கு நடுவே விலங்குகள் வழக்கமாகப் போகும் தடம் இருக்கும், அங்கே கட்டுவார்கள். இழுத்துக் கட்டக் கூடாது, மோதியதும் மேலே சரிந்து சுற்றிக்கொள்கிற மாதிரி தொளதொளவென்று விட வேண்டும். வலைக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் ஈட்டியோடு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற முப்பது நாற்பது பேரும் நாய்களும் எதிர்ப்பக்கத்திலிருந்து பறையும் தகரமும் தட்டிக்கொண்டு காட்டைக் கலைத்துக்கொண்டு வருவார்கள். ஓடிவந்து வலையில் சிக்கியதை ஈட்டிக்காரர் முடிப்பார். அவ்வளவுதான் ஈட்டியின் பங்கு, கடைசி நிமிஷ வேலை. பங்கு பிரிக்கும்போதும் அது தெரியும் என்று தாத்தா சொல்வார். முதல் குத்து குத்தியவருக்குத் தலை, வலைக்காரருக்குத் தொடை, தகரம் தட்டிய பையனுக்கும் ஒரு கூறு, நாய்க்கும் ஒரு கூறு.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிற காளத்திதான் கண்ணப்பர் தலம். கண்ணப்பர் திண்ணன் என்ற பெயரோடு இருந்தபோது முதல் வேட்டைக்குப் போவதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விவரிக்கிற இடத்தைப் படித்துப் பாருங்கள். யோசனைக் கணக்கில் (யோசனை என்பது பழைய தூர அளவு) காட்டை வளைத்து வலை கட்டுகிறார்கள், நாய்களை விடுகிறார்கள், பறை முழக்கிக் கலைக்கிறார்கள். வில் அதற்கப்புறம்தான். யானைக்கன்றையும் சின்னக் குட்டிகளையும் தொடுவதில்லை, சினையாக இருக்கிற பிணைமானை அலைக்கழிப்பதில்லை என்றும் ஒரு பாட்டில் வருகிறது. வலையை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி தப்பி ஓடுகிறது. அதைத் துரத்திப் போய்த்தான் திண்ணன் காளத்தி மலைப்பக்கம் வந்து சேர்கிறார். வலை தோற்றதால் கிடைத்த நாயன்மார் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலில் இருக்கிற ஏற்பாடு அப்படியே எங்கள் தாத்தா காலம் வரைக்கும் நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டு வலை இப்போது இல்லை. பரணிலேயே எலி கடித்து நாராகிப் போனது. இரும்பு என்பதால் ஈட்டி தங்கிவிட்டது. எல்லோரும் ஈட்டியைப் பற்றியே கேட்பதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் கல் கோடரியைக் கண்டெடுத்தார், அதே ஆண்டு இங்கேயும் எடுத்தார். அந்தக் கைக்கோடரிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-ல் ஆய்வு முடிவு வெளிவந்தது. கிடைத்ததெல்லாம் கல். அந்த ஆட்கள் கையில் கம்பு இருந்ததா, நார் இருந்ததா, எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்தக் கைக்கோடரியும் எறிகிற ஆயுதம் இல்லை, தோலுரிக்கவும் எலும்பு உடைக்கவும் தோதான கருவி.

வளரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது தெற்கத்திச் சரக்கு, சிவகங்கை, மதுரைப் பக்கம். பிறை மாதிரி வளைந்திருக்கும், சுழற்றி எறிந்தால் ஓடுகிற முயலின் காலை அடித்துவிடும் என்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் அது புழக்கத்தில் இல்லை.

குத்திய பிறகு என்ன ஆகும் என்பதைக் காணொளியில் காட்டவே மாட்டார்கள். ஈட்டியோ அம்போ பட்டதும் விலங்கு விழாது. ரத்தம் போய்த்தான் சாகும். அதுவரை ஓடும். அதன் பின்னாலேயே ஓடக் கூடாது என்பது தாத்தாவின் முதல் பாடம். "உட்காந்து ரெண்டு தடவ வெத்தல போடு. அதுக்கப்புறம் எழுந்திரு." துரத்தினால் பயத்தில் மைல் கணக்கில் ஓடும், விட்டுவிட்டால் பக்கத்துப் புதரில் படுத்துவிடும். எழுந்ததும் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நுரையோடு வெளிறிய சிவப்பு என்றால் நுரையீரல், கூப்பிடு தூரத்தில் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் பொறுக்க வேண்டும். பச்சையாகச் சாணி நாற்றம் அடித்தால் குடல். அன்றைக்கு முழுக்க நடைதான், பல சமயம் கிடைக்கவே கிடைக்காது. அந்த விலங்கு இரண்டு மூன்று நாள் கிடந்து சாகும். தாத்தா இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

தடம் பார்ப்பதை நான் நேரில் பார்த்தது ஒரு இருளர் பெரியவரிடம். எங்கள் வயலில் வரப்பை ஓட்டை போடுகிற எலிகளைப் பிடிக்க வருவார். கையில் கடப்பாரை, ஒரு ஓட்டைப் பானை, கொஞ்சம் வைக்கோல். வளையின் வாயில் பானையை வைத்துப் புகை ஊதிவிட்டு, மறு வாயில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு நாள் காலையில் ஏரிக்குள் நடந்துகொண்டிருந்தோம். ஈர மண்ணில் குளம்புத் தடம். "மான்தானே பெரியவரே?" என்றேன். குந்தி உட்கார்ந்தார்.

"பன்னி தம்பி. பின்னாடி ரெண்டு பக்கமும் சின்னதா குழி இருக்குது பாரு, அது மானு நடந்தா விழாது. பாய்ஞ்சு ஓடினாதான் விழும்."

எப்போது போனது என்று கேட்டேன். மேலே இருந்த கருவேல மரத்தைக் காட்டினார். இரவெல்லாம் அதிலிருந்து பனி சொட்டி, சுற்றிலும் மண்ணில் புள்ளி புள்ளியாக இருந்தது. தடத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

"விடியக்காலைல போயிருக்குது. பனி நின்னப்புறம்."

நான் எத்தனையோ முறை நடந்த ஏரி அது. அந்தப் புள்ளிகளை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் சிலர் மகாபலிபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தார்கள். 1978-ல் தொடங்கியது. வேட்டைக்குத் தடை வந்த பிறகு, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுகிற வேலை. அதே கண், வேறு பிழைப்பு.

இனி இன்றைய நிலைமை. வனவிலங்குச் சட்டப்படி மானைக் கொன்றால் மட்டும் குற்றம் என்று நினைக்காதீர்கள். வலை கட்டுவது, விரட்டுவது, இரை வைத்து மடக்குவது, அதற்கு முயல்வதுகூட வேட்டைதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விழலாம். சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது 3, அதிகம் 7 ஆண்டு சிறை. கையில் இருந்தது ஈட்டியா துப்பாக்கியா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வேர்க்கடலைக் கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் எங்களுக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. அதற்குக் கேட்க வேண்டிய இடம் வனத்துறை.

ஆனால் திருட்டு வேட்டை நிற்கவில்லை. வலையின் இடத்தை பைக் கிளட்ச் ஒயர் பிடித்துக்கொண்டது. நான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாந்தோப்பு வேலியோரம் எங்கள் நாய் மணி ஒரு ராத்திரி முழுக்கக் கத்தியது. குரைக்கிற சத்தம் இல்லை, வேறு மாதிரி. விடிந்ததும் போய்ப் பார்த்தால் இடுப்பில் சுருக்கு. இழுக்க இழுக்க இறுகி, ஒயர் தோலுக்குள் போயிருந்தது. கொறடு வைத்து வெட்டுவதற்குள் என் கையை இரண்டு முறை கடித்துவிட்டது, அதன்மேல் தப்பில்லை. பதினோரு தையல். யார் வைத்தது என்று தெரியவில்லை. அந்த ஒயரைப் பெரியவரிடம் காட்டினேன். விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆளே வேணாமா?" என்று கேட்டார். சினைமானா குட்டியா என்று ஒயர் பார்க்காது. வைத்தவன் மறந்துபோனால் மாட்டியது அங்கேயே அழுகும்.

நீங்கள் பழக ஆசைப்பட்டால் வைக்கோல் அடைத்த கோணியை மரத்தில் கட்டி அம்பு விடுங்கள், நல்ல விளையாட்டு. ஈட்டி எறிவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கனுமா அன்று, அதாவது நம் மாட்டுப் பொங்கல் நாளில், திருமலைக்குப் போங்கள். திருமலை உற்சவரான மலையப்ப சுவாமி பார்வேட்டை மண்டபத்துக்கு எழுந்தருள்வார். அவர் சார்பில் அர்ச்சகர் முன்னால் ஓடி, பொம்மை விலங்குகள்மேல் மூன்று முறை ஈட்டி எறிவார். மதியத்துக்குமேல் கூட்டம் நெருக்கும், கொஞ்சம் முன்னாலேயே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.