தேய்ந்த முழங்காலோடு குன்றுப் பாதையில் நடக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு 64 வயது, வலது முழங்காலில் தேய்மானம். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்து இயற்கைப் பூங்காவில் மரநிழலில் சின்னச் சின்னப் பாதைகள் இருக்கின்றன. அங்கே கூட்டிப் போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம். பாதை சின்னதுதான், ஆனால் குன்றில் ஏறி இறங்குகிறது. பழைய கருங்கல் குவாரி இருந்த இடம் அது, 1988இல் பூங்காவாக்கினார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தேய்ந்த முழங்கால் படுத்துவது பெரும்பாலும் இறக்கத்தில். ஒவ்வோர் அடிக்கும் உடம்பின் எடையைத் தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த அழுத்தம் முழங்கால் சில்லில் விழுகிறது. மேலே போகும்வரை "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாதி இறக்கத்தில் உட்கார இடம் தேடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் இரண்டு வாரம் புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து 'லிட்டில் குவிலின்' குளக்கரையில் நடக்கட்டும். அதுவும் பழைய குவாரிதான், ஆனால் கரையோரம் சமதளம். பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் 15 நிமிடம் போதும். மறுநாள் காலையில் வலி கூடாமல், வீக்கமில்லாமல் இருந்தால் 5 நிமிடம் கூட்டுங்கள். முழங்கால் திடீரென மடங்கினாலோ சிக்கிக்கொண்டாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் இயற்கைப் பூங்காவுக்குப் போகலாம். கைத்தடியை இடது கையில் பிடிக்கச் சொல்லுங்கள். வலிக்கிற காலுக்கு எதிர்க் கைதான் சரி. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். குன்றின் மேல், 1942இல் ஜப்பானியர் போர்க் கைதிகளை வைத்துக் கட்டிய நினைவிடம் இப்போது இல்லை, ஆனால் அதற்கு ஏறிப் போன 120 படிகள் இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கும். இப்போதைக்கு கீழே நின்று பார்த்தால் போதும்.

மழை விட்ட கையோடு போகாதீர்கள். ஈரச் சருகும் வேரும் வழுக்கும்; செருப்பு வேண்டாம், அடிப்பகுதி தேயாத ஷூ போடட்டும். இடிச் சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்குகள் பறிக்க வரும். தண்ணீர், தின்பண்டம் எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். குரங்குக்குத் தீனி போட்டால் அங்கே அபராதம். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஊர்ப் பழக்கத்தில் வாழைப்பழத்தை நீட்டிவிடப் போகிறார்.