லிமாவிலிருந்து வந்த மறுநாளே லகூனா 69 வேண்டாம்

பெருவின் லிமாவிலிருந்து இரவுப் பேருந்தில் மலை ஊரான ஹுவாராஸ் வந்து, மறுநாள் விடிகாலையே லகூனா 69 ஏரிக்கு ஏறலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. லிமா கடலோர ஊர்; ஹுவாராஸ் சுமார் 3,050 மீட்டர் உயரம்; அந்த ஏரியோ 4,600. ஹாஸ்டல் மாடிப்படியிலேயே மூச்சு வாங்கும், பாருங்கள். முதல் நாள் ஓய்வு. அடுத்த நாள் வில்காகோச்சா ஏரி, 3,700 மீட்டர்தான். உயரத்தால் தலைவலி இல்லையென்றால் அப்புறம் லகூனா 69.

டார்மில் (பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறையில்) தூங்க முடியுமா என்ற பயம் நியாயமானதுதான். நாலு மணிக்கே எழுந்து பிளாஸ்டிக் பையைச் சரசரக்க வைக்க ஒருவர் கட்டாயம் இருப்பார் (நானும் இருந்திருக்கிறேன்). காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள். சாண்டா குரூஸ் மலைநடை போகும் நான்கு நாளும் பெரிய பையை ஹாஸ்டலில் வைத்துக்கொள்வார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். பாஸ்போர்ட், பணம் உங்களோடு இருக்கட்டும்.