படகிலேயே குடித்தனம்: "பழகிவிடும்" என்றால் போதுமா?

கேள்வி: எனக்கு 44 வயது, கணவருக்கு 49. இருவருக்குமே இணையம் வழியாகச் செய்யும் வேலை. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 36 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கி இரண்டு மூன்று வருடம் அதிலேயே குடியிருக்கலாம் என்கிறார் அவர். அவர் படகோட்டும் பயிற்சி முடித்துவிட்டார். நான் இரண்டு முறை கூடப் போனதோடு சரி. புயலைப் பற்றியெல்லாம் நிறையப் படித்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அன்றாடம்: தண்ணீர், கரண்ட், கழிவறை, துணிமணி, நாள் முழுக்க ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது. அவரைக் கேட்டால் "பழகிவிடும்" என்கிறார். பழகிவிடுமா?

பதில்: அவர் சொல்வது பாதி சரி. ஆட்டம், கயிறுகள் இரவெல்லாம் கம்பத்தில் அடிக்கும் சத்தம், தலையை இடித்துக்கொள்வது இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். தண்ணீர், கரண்ட், ஈரம், கழிவறை ஆகிய நான்கும் பழகாது. கணக்குப் போட்டு ஏற்பாடு செய்தால்தான் அவை அடங்கும். இன்னொரு விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: "கூடப் போனதோடு சரி." படகோட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதுதான் பெரிய விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தண்ணீர். 36 அடிப் படகின் தொட்டிகளில் பெரும்பாலும் 300 லிட்டருக்குக் கூடக்குறைய நிற்கும். கரையில் ஷவரைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் நின்றாலே 80, 90 லிட்டர் போய்விடும். படகில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு 15 நாள் வரும். இது கஷ்ட ஜீவனம் இல்லை, முறை தெரிந்தால் போதும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்து அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். குளியலும் அப்படித்தான்: கடலில் முங்கி எழுந்து ஷாம்பூ போட்டுத் தேய்த்து (கட்டிச் சோப்பு உப்புத்தண்ணீரில் நுரைக்காது), மறுபடி முங்கி, அப்புறம் செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு ஸ்பிரேயரில் இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர். முடி நீளமாக இருந்தால் மூன்று லிட்டர். சமையல் மேடையில் காலால் மிதிக்கும் பம்பு இருக்கும் படகாகப் பாருங்கள். மின்பம்பில் குழாயைத் திறந்தால் விரல் நனைவதற்குள் அரை லிட்டர் போயிருக்கும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் வாங்கினால் இந்தக் கவலை குறையும், வேறு கவலைகள் வரும். சவ்வு வழியாகத் தண்ணீரை 55 பார் அளவு அழுத்தத்தில் தள்ளுகிற இயந்திரம் அது. எண்ணெய் மிதக்கும் துறைமுகத் தண்ணீரை அதற்குக் கொடுக்கக் கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் விட்டுக் கழுவினாலும் சவ்வு கெட்டுவிடும். சில நாள் ஓட்டாமல் வைப்பதானால் நல்ல தண்ணீரால் அலசி வைக்க வேண்டும். முதல் வருடம் அது இல்லாமல் இருந்து பாருங்கள் என்பதே என் யோசனை. துணி துவைப்பதற்கு ஒரே விதி: கடைசி அலசலில் உப்பு முழுக்கப் போயாக வேண்டும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்த துண்டு, பொழுது சாய்ந்ததும் மறுபடி பிசுபிசுக்கும். படுக்கை விரிப்பு, போர்வை மாதிரிப் பெரியவற்றைக் கரையில் சலவை இயந்திரம் இருக்கும் இடத்தில் மொத்தமாகப் போட்டுக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது.

கரண்ட் விஷயத்தில் உங்கள் வேலை ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. படகு பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடும், கணக்கு ஆம்பியர்-மணியில் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 12ஆல் வகுத்தால் வருவது). சின்ன ஃபிரிட்ஜ் நாளைக்கு 40 முதல் 60 ஆம்பியர்-மணி இழுக்கும், வெயில் ஏற ஏற இன்னும் கூடும். ஒரு லேப்டாப்பை 60 வாட்டில் ஐந்து மணி நேரம் ஓட்டினால் 25. உங்களிடம் இரண்டு லேப்டாப், ஆக 50. சாட்டிலைட் இணைய டிஷ் 50 வாட் எடுக்கிறது என்று வைத்தால், அதை 24 மணி நேரமும் போட்டு வைக்க 100 ஆகும். அதாவது ஃபிரிட்ஜைவிட அதுதான் பெரிய தீனிக்காரன். வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிற பழக்கம் வேண்டும். விளக்கு, பம்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 150 முதல் 200 ஆம்பியர்-மணி வேண்டியிருக்கும். 400 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் 100, 120 தரும். பாய்மரத்தின் நிழல் குறுக்கே விழுந்தால் அதுவும் சரியும். மீதிக்கு இன்னும் பேனல் போட வேண்டும், இல்லையென்றால் எஞ்சினை ஓட்ட வேண்டும்.

பழைய படகு என்றால் ஈய-அமில பேட்டரி இருக்கும். அதில் 400 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 200தான் உங்களுடையது. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். எதுவும் ஓடாமல் ஓய்வாக இருக்கும்போது மீட்டர் 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று அர்த்தம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், விலை அதிகம். மின்கெட்டிலைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். 2000 வாட் கெட்டில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 170 ஆம்பியரை உறிஞ்சும்.

சமையல் பெரும்பாலும் எரிவாயுவில். அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கி நிற்கும். அப்புறம் ஒரு தீப்பொறி போதும். சிலிண்டர், கசிவு நேராகக் கடலுக்கு வடிகிற மாதிரித் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும், சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரமும் எரிவாயு அலாரமும் இல்லாத படகில் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை ஈரம்தான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு கொதிக்கிற பாத்திரத்தின் ஆவி, இருவரின் மூச்சு, வியர்வை. அவ்வளவும் ஒரு சின்ன அறைக்குள் சுற்றி, குளிர்ந்த பக்கச் சுவரில் பட்டுத் துளியாகி வழியும். காலையில் மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பலகை நனைந்திருக்கும், இரண்டு வாரம் அப்படியே விட்டால் மெத்தையின் அடியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். அதற்காக மெத்தைக்கு அடியில் காற்று புகும்படி இடைவெளிச் சட்டம் போடுங்கள். அலமாரிக் கதவுகளில் துளை இருக்கட்டும். மழையானாலும் ஒரு காற்றுத் திறப்பு திறந்தே இருக்க வேண்டும். தோல் செருப்பு, தோல் பை, புத்தகங்கள் ஆகியவற்றுக்குத்தான் முதல் சேதம். படகு பார்க்கப் போகும்போது விற்பவர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் முன்பக்கப் படுக்கை மெத்தையைப் புரட்டி மோந்து பாருங்கள். மற்ற எதையும்விட அது உண்மையைச் சொல்லும்.

கழிவறை. பெரும்பாலான படகில் கைப்பம்பு. ஒரு பக்கம் கடல்நீரை உள்ளே இழுக்கும், மறுபக்கம் வெளியே தள்ளும். கோப்பை காலியாகிவிட்டது என்று நிறுத்திவிடக் கூடாது, குழாய்க்குள் நிற்பது முழுக்கப் போக இன்னும் பத்துப் பதினைந்து முறை அடிக்க வேண்டும். சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் சுண்ணாம்பு மாதிரிப் படிந்துகொண்டே வரும். சில வருடத்தில் கட்டை விரல் நுழையாத அளவுக்கு ஓட்டை சுருங்கிவிடும். வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றி இரவு முழுக்க விட்டால் படிவது மெதுவாகும். சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது என்பது படகுக்காரர்களின் விதி. காகிதம் தனிக் கூடைக்கு. விருந்தாளி யார் வந்தாலும் வெட்கப்படாமல் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடைப்பை எடுக்கப்போவது நீங்கள்தான்.

கரையோரத்திலும் ஏரி, ஆறுகளிலும் பல நாடுகளில் கழிவைத் தண்ணீரில் விடத் தடை உண்டு. அதனால் சேமிப்புத் தொட்டி வேண்டும். 70 லிட்டர் தொட்டி இருவருக்கு நான்கைந்து நாள் தாங்கும். சிறுநீரைத் தனியாகப் பிரிக்கும் உலர் கழிவறைக்குப் பலர் மாறியிருக்கிறார்கள். குழாய், வால்வு, அடைப்பு எதுவும் இல்லை. நாற்றம் வரும் என்று பயப்படுவார்கள், ஈரம் சேராமல் பார்த்துக்கொண்டால் வராது. எனக்குத் தனிப்பட்ட முறையில் அதுதான் பிடித்தம்.

சரி, நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. அறைக் கதவை மூடினாலும் எல்லாம் கேட்கும் என்பது உண்மைதான். ஒருவர் வீடியோ அழைப்பில் இருக்கும்போது மற்றவர் மேல்தளத்துக்குப் போக வேண்டியிருக்கும், மழையில் அதுவும் முடியாது. ஆளுக்கொரு மூலை, முதுகு சாய இடத்தோடு, முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். இதைவிட முக்கியமானது டிங்கி. கரைக்குப் போகும் அந்தச் சின்னப் படகு ஒன்றுதான் இருக்கும். அதை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் மற்றவர் சிறையில். வாய்ச்சண்டை வந்த நாளில் வாசல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வர வழியே இல்லை. ஒரு சின்ன கயாக் வாங்கி மேல்தளத்தில் கட்டி வையுங்கள். திருமண ஆலோசகரைவிட மலிவு.

இப்போது "கூடப் போனதோடு சரி" என்ற விஷயம். பாதியில் கரையேறிய தம்பதிகளில் நான் பார்த்தவரை, புயலுக்குப் பயந்து போனவர்கள் குறைவு. ஒருவர் கேப்டன், மற்றவர் சமையல்காரர் என்றாகி, அந்த மற்றவர் அலுத்துப்போனதுதான் அதிகம். நங்கூரம் போடும் நேரத்தைக் கவனித்தாலே எந்தப் படகு எப்படி என்று தெரிந்துவிடும். கணவர் சுக்கானில் நின்று கத்துவார், மனைவி முன்னால் குனிந்து கனமான சங்கிலியோடு மல்லுக்கட்டுவார், காற்றில் இருவர் சொல்வதும் மற்றவருக்குக் கேட்காது. இதைத் தலைகீழாக மாற்றுங்கள். சுக்கானைப் பிடிக்கப் பலம் தேவையில்லை, நீங்கள் பிடியுங்கள். அவர் முன்னால் போகட்டும். கை சைகைகள் நாலே நாலு போதும்: முன்னே, பின்னே, நிறுத்து, எஞ்சினை நியூட்ரலில் விடு. ஆழத்தோடு முன்தளத்தின் உயரத்தையும் கடல் ஏற்றத்தில் நீர் உயரப்போகும் அளவையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள், காற்று பலமானால் ஏழு மடங்கு. பிறகு எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரே நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்கள் நேர்கோட்டிலேயே நின்றால் நங்கூரம் பிடித்துவிட்டது.

நீங்கள் ஓட்டத் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய காரணம் வேறு. இரவுப் பயணத்தில் இருவர் மூன்று மூன்று மணி நேரமாக மாறி மாறி விழித்திருப்பீர்கள். உங்கள் முறையில் நீங்கள் தனிக் கேப்டன். கடல்வழி மோதல் தடுப்பு விதிகள், 1972, ஐந்தாம் விதிப்படி கண்காணிப்பு எப்போதும் இருக்க வேண்டும். எதனால் என்று கணக்குப் பாருங்கள். பெரிய கப்பலின் கம்பத்து விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தெரிய வேண்டும் என்பது விதி. கப்பல் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகம், நீங்கள் எதிரே 5 நாட், சேர்த்து 25. விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து அது உங்கள்மேல் வர 14 நிமிடம்தான். தேநீர் போடக் கீழே இறங்கினால்கூட அதற்குள் மேலே வந்து சுற்றிலும் பார்த்தாக வேண்டும்.

அவரே தண்ணீரில் விழுந்துவிட்டால்? 5 நாட் வேகத்தில் ஒரு நிமிடத்தில் படகு 150 மீட்டர் தள்ளிப் போய்விடும். அலைக்கு நடுவே ஒரு தலை அந்தத் தூரத்தில் தெரியாது. அந்த நிமிடத்தில் படகை நிறுத்த, திருப்ப, பாயை இறக்க, எஞ்சினைக் கிளப்ப, விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் உதவி கேட்க, நனைந்து கனத்த ஆளைக் கப்பி வைத்து மேலே தூக்க, எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவர்தான். அதனால் இரவில் மேல்தளத்தில் இருப்பவர் படகோடு கயிற்றால் பிணைத்துக்கொள்வது கட்டாயம், மற்றவர் எழுந்து வராமல் சுக்கான் இருக்கும் காக்பிட்டைத் தாண்டக் கூடாது. பயிற்சிக்கு நீங்கள் தனியாகப் போங்கள், அவருடன் சேர்ந்து வேண்டாம். கணவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்வது காரிலேயே எப்படி முடியும் என்று உங்களுக்குத் தெரியும்.

36 அடி போதுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். போதும். எரிக், சூசன் ஹிஸ்காக் தம்பதி 1952 முதல் 1955 வரை உலகைச் சுற்றியது 30 அடிப் படகில். லின், லாரி பார்டி தம்பதி எஞ்சினே இல்லாத 24 அடிப் படகில் வருடக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு லேப்டாப்பும் ஃபிரிட்ஜும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் கூடக் கூட அடிப்பாகப் பூச்சு, பாய், கயிறு, நிறுத்துமிடக் கட்டணம் எல்லாம் கூடும். வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டிப் பூசி, துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளை மாற்ற வேண்டும். அந்த வாரங்களில் உயரத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகுக்கு ஏணியில் ஏறி இறங்குவீர்கள், படகுக் கழிவறையைப் பயன்படுத்த முடியாது, நள்ளிரவிலும் இறங்கித்தான் போக வேண்டும். முடிந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் கரையில் அறை எடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் அதே அளவுப் படகு ஒன்றை இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். நல்ல பருவத்தில் வேண்டாம், மழையும் காற்றும் உள்ள மாதத்தில். கரண்டும் தண்ணீரும் கரையிலிருந்தே கிடைக்கும் மெரினாவில் (படகு நிறுத்துமிடத்தில்) கட்டாமல் நங்கூரத்திலேயே இருங்கள், இருவரும் வழக்கம்போல அலுவலக வேலையைப் பாருங்கள். முதல் வாரம் அவர் கேப்டன், இரண்டாவது வாரம் நீங்கள்.