வேகம்தான் விமானியைக் கவருமா?

கேள்வி: பல வகை விமானங்களை ஓட்டிய விமானியிடம் பிடித்தது எது என்று கேட்டால், மிக வேகமானதைத்தான் சொல்வாரா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்ல வேண்டும் என்பதில்லை. 487 வகை விமானங்களை ஓட்டி உலக சாதனை படைத்தவரும், 1945 டிசம்பரில் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ஜெட் விமானத்தை இறக்கிக் காட்டியவருமான பிரிட்டிஷ் கடற்படை விமானி எரிக் பிரவுன் (1919–2016), தம் மனத்துக்கு மிக நெருக்கமானவற்றுள் ஒன்றாகச் சொன்னது ஜெட்டை அல்ல; விசிறியால் பறக்கும் டி ஹாவிலண்ட் ஹார்னெட்டை.

மரமும் உலோகமும் ஒட்டிச் செய்யப்பட்ட, ஒருவர் மட்டுமே அமரும் இரட்டை எஞ்சின் போர் விமானம் அது. அக்காலத்து ஒற்றை எஞ்சின் போர் விமானத்தில் விசையை முழுதாகக் கூட்டினால், ஓடுபாதையிலேயே அது ஒரு பக்கமாக இழுக்கும். விமானி சுக்கான் மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் மேலெழ வேண்டும். ஹார்னெட்டின் இரு மெர்லின் எஞ்சின்களும் விசிறிகளை எதிரெதிர்த் திசைகளில் சுழற்றியதால், ஒன்றின் இழுப்பை மற்றொன்று சரிக்கட்டிவிட, விமானம் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றொன்றின் வலுவிலேயே வானில் குட்டிக்கரணம் அடிக்க முடிந்ததை பிரவுன் பூரிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். (ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிப் பந்தயம் ஓடிய கதைதான்!)

அவர் கொண்டாடிய ஹார்னெட்டில் ஒன்றுகூட இன்று முழுதாக மிஞ்சவில்லை.