கமா விழுங்கிய ரூபாய்

கேள்வி: சித்தப்பாவின் மளிகைக் கடைக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் சின்னதாக ஒரு கணக்குப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். முதலில் 850-ம் 50-ம் கூட்டினால் 85050 வந்தது. எழுத்தை முழு எண்ணாக மாற்றும் பார்ஸ்இன்ட் (parseInt) போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் சித்தப்பா 1,250 என்று கமா போட்டு அடித்தால், 850-உடன் சேர்த்து 851 காட்டுகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: பெட்டியில் எதை அடித்தாலும் அது எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாகத்தான் (string) வரும். அதனால்தான் முதலில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பார்ஸ்இன்ட் இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும். இலக்கம் அல்லாத ஒன்று வந்ததும் நின்றுவிடும். 1,250-ல் ‘1’ கிடைத்தது, அடுத்து கமா. அவ்வளவுதான், 1 என்று விடை தந்துவிட்டது. 12.50 அடித்துப் பாருங்கள், ஐம்பது பைசா காணாமல் போகும்.

பில்லிங் மென்பொருள் எழுதுவதுதான் என் தொழில். எண் புரியவில்லை என்றால் நிரல் நின்று சொல்ல வேண்டும்; தப்பான தொகையைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. கடைக்காரர் அந்தத் தொகையை நம்பித்தான் காசு வாங்குகிறார். அதனால் கமாக்களை நீக்கிவிட்டு, முழுச் சரத்தையும் எண்ணாக்கும் ‘நம்பர்’ (Number) கொண்டு மாற்றுங்கள். ‘1250ரூ’ என்று வந்தால் அது ‘நேன்’ (NaN), அதாவது ‘இது எண்ணே இல்லை’ என்று சொல்லிவிடும். உடனே சித்தப்பாவிடம் மறுபடி கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: வெற்றுப் பெட்டியை ‘நம்பர்’ 0 என்று எடுத்துக்கொள்ளும். காலியா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தொகையைப் பைசாவாகவே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்டில் 1998.9999999999998 வரும். அதை பார்ஸ்இன்ட்டிடம் கொடுத்தால் 1998. ஒரு பைசா போச்சு. அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகும் மேத்.ரவுண்ட் (Math.round) போட்டால் 1999.

வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணை மட்டும் தயவுசெய்து மாற்றாதீர்கள். உங்கள் ஊர் எஸ்டிடி கோடு 04562 எண்ணாக மாறினால் வெறும் 4562 ஆகிவிடும். கூட்டவும் கழிக்கவும் போவதில்லை என்றால் அது எழுத்தாகவே இருக்கட்டும்.

கேள்வி: தமிழ் இலக்கங்களில் அடித்தால் கணினி எண்ணாக எடுத்துக்கொள்ளுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பைத்தான் என்ற நிரல்மொழி எடுத்துக்கொள்ளும் ஐயா. ௧௨௩ என்பதை அதில் முழு எண்ணாக்கும் ‘இன்ட்’டிடம் (int) கொடுத்தால் 123 தரும்; கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்களாகவே பதிவாகியுள்ளன. ஆனால் பழைய முறையில் ௱௨௰௩ என்று எழுதினால் பிழை என்று நின்றுவிடும். ௰ (10), ௱ (100), ௲ (1000) ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு, இடமதிப்பில் நிற்கும் இலக்கங்கள் அல்ல அவை. ஜாவாஸ்கிரிப்டின் ‘நம்பர்’ ௧௨௩-ஐக்கூட ஏற்காது. அங்கே ஒவ்வோர் இலக்கத்தையும் 0–9 ஆக நீங்களே முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.