வாசகர் கேள்வி பதில்: மூன்றாவது ஆட்டத்தில் முடிவாகும் கோப்பை

கேள்வி: ஆண்களுக்கான டேவிஸ் கோப்பை டென்னிஸ் போட்டி 1900ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கு அப்படி ஒரு நாடுகளுக்கிடையிலான போட்டி வருவதற்கு 1963 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? (கல்லூரி மாணவி, ஈரோடு)

பதில்: கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை, கேட்டவர்களுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அமெரிக்க வீராங்கனை ஹேசல் ஹாட்ச்கிஸ் வைட்மேன் 1919ஆம் ஆண்டிலேயே இந்த யோசனையை முன்வைத்தார். அது ஏற்கப்படாததால், அவர் வழங்கிய கோப்பைக்காக 1923 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் ஆண்டுதோறும் மோதிக்கொண்டன. வைட்மேன் கோப்பை என்ற பெயரில் 1989 வரை நீடித்த அந்தத் தொடரில் மூன்றாவது நாட்டுக்கு இடமில்லை. 1962இல் ஆஸ்திரேலியாவின் நெல் ஹாப்மன் பழைய யோசனையை மீண்டும் கையில் எடுத்தார். பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மேரி ஹார்ட்விக் ஹேர் என்ற முன்னாள் வீராங்கனை, இப்படி ஒரு போட்டிக்குப் பல நாடுகளில் ஆதரவு இருப்பதை ஆவணமாகத் தொகுத்துச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் முன் வைத்தார். கூட்டமைப்புக்கு 1963இல் ஐம்பது வயது நிறைவதும் சேர்ந்துகொண்டது. பொன்விழாவை ஒட்டித்தான், இன்று பில்லி ஜீன் கிங் கோப்பை எனப்படும் ஃபெடரேஷன் கோப்பை பிறந்தது.

முதல் போட்டி லண்டன் குயின்ஸ் கிளப்பில் 16 நாடுகளுடன் நடந்தது. லண்டன் மழை வழக்கம்போல் புல்தரையைக் கெடுத்ததால் சில ஆட்டங்களைக் கூரைக்குள் மாற்ற வேண்டியதாயிற்று. இறுதிச் சுற்றில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒற்றையரில் ஆளுக்கு ஒன்று வென்றிருந்தன. மீதம் இருந்தது இரட்டையர். மார்கரெட் ஸ்மித், லெஸ்லி டர்னர் இணையிடம் முதல் செட்டை 3-6 என்று இழந்த டார்லின் ஹார்டும் பில்லி ஜீன் மாஃபிட்டும் அடுத்த செட்டை 13-11 என்று பிடுங்கினார்கள். டைபிரேக் என்ற ஏற்பாடு அன்று கிடையாது. ஒரு பக்கம் இரண்டு கேம் முன்னிலை பெறும்வரை செட் நீண்டுகொண்டே போகும். மூன்றாவது செட் 6-3, கோப்பை அமெரிக்காவுக்கு. பத்தொன்பது வயது நிரம்பியிருந்த அந்த மாஃபிட்தான் திருமணத்துக்குப் பின் பில்லி ஜீன் கிங் ஆனார்.

கேள்வி: கோப்பைக்கு பில்லி ஜீன் கிங்கின் பெயர் எப்போது வந்தது? (வாசகர், புதுச்சேரி)

பதில்: 1995இல் ஃபெட் கோப்பை என்று சுருங்கிய பெயர், 2020 செப்டம்பரில் பில்லி ஜீன் கிங் கோப்பை ஆயிற்று. வீராங்கனையாகவும் அணித் தலைவராகவும் சேர்த்து அவர் இதைப் பத்து முறை வென்றவர். 1973இல் மகளிர் டென்னிஸ் சங்கத்தை நிறுவியவரும் அவரே. பெயர் பொருத்தம் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கேள்வி: வர்ணனையில் 'டை', 'ரப்பர்' என்று ஏதேதோ சொல்கிறார்கள். ஒரு நாடு வென்றது என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? (வாசகி, மதுரை)

பதில்: இரு நாடுகளுக்கிடையிலான மோதல் முழுவதும் 'டை', அதற்குள் வரும் ஒவ்வோர் ஆட்டமும் 'ரப்பர்'. தொடக்க காலத்தில் ஒரு டையில் இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். 1995இல் டேவிஸ் கோப்பையைப் போல ஏதாவது ஒரு நாட்டின் சொந்த மண்ணில் ஆடும் முறை வந்தபோது, அதையொட்டி ஒற்றையர் ஆட்டங்கள் நான்காகி, இரட்டையர் ஐந்தாவதாகக் கடைசிக்குத் தள்ளப்பட்டது. இப்போது இறுதிச் சுற்றுகளில் பழைய மூன்று ஆட்ட முறையே திரும்பியிருக்கிறது. முதலில் இரு அணிகளின் இரண்டாம் நிலை வீராங்கனைகள், அடுத்து முதல் நிலை வீராங்கனைகள், 1-1 என்று நின்றால் இரட்டையர்.

கணக்கு சிறியதுதான், விளைவு பெரியது. ஐந்து ஆட்ட முறையில் உலகத் தரத்தில் ஒரே ஒரு வீராங்கனை இருந்தாலும் அவர் இரண்டு ஒற்றையரையும் வென்று பாதிப் பாரத்தைச் சுமந்துவிடலாம். மூன்று ஆட்ட முறையில் அவருக்கு ஒரே ஒற்றையர்தான், பிறகு துணைக்கு ஆள் வேண்டும். 2024இல் மலகாவில் நடந்த அரையிறுதியில் போலந்தின் இகா ஷ்வியாடெக் தன் ஒற்றையரில் யாஸ்மின் பவோலினியை வென்று தன் கடமையை முடித்தார். ஆனால் அடுத்து வந்த இரட்டையரில் அதே பவோலினி, பாரிஸ் ஒலிம்பிக்கில் தன்னுடன் தங்கம் வென்ற சாரா எர்ரானியுடன் இறங்கி, ஷ்வியாடெக்கும் காவாவும் ஆடிய இணையை 7-5, 7-5 என்று வீழ்த்தினார். இத்தாலி இறுதிக்குச் சென்று ஸ்லோவாக்கியாவை வென்றது. அடுத்த ஆண்டு ஷென்ஜெனில் உக்ரைனுக்கு எதிரான அரையிறுதியும் இதே இணையின் இரட்டையரில்தான் முடிவானது. இறுதிச் சுற்றில் அமெரிக்கா இத்தாலியிடம் 2-0 என்று தோற்றது. ஒற்றையரே டென்னிஸ், இரட்டையர் ஒட்டுப்போட்டது என்று நினைப்பவர்கள் இத்தாலிக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். இதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை: பொதுவான ஓர் ஊரில் இறுதிச் சுற்றுகளை நடத்தும்போது, சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரம் பெரும்பாலான அணிகளுக்குக் கிடைக்காமல் போகிறது.

கேள்வி: தரவரிசைப் புள்ளி கிடைக்காத இந்தப் போட்டிக்கு முன்னணி வீராங்கனைகள் வருவது ஒலிம்பிக்கில் ஆடும் தகுதிக்காகத்தானே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வேலூர்)

பதில்: அதுவும் ஒரு காரணம். ஒலிம்பிக்கில் ஆட விரும்புவோர் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தம் நாட்டு அணியில் குறிப்பிட்ட முறை இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதை மட்டுமே காரணமாக்கினால் 1986இல் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவில் நடந்தது புரியாது.

மார்ட்டினா நவரத்திலோவா 1975இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இந்தக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அமெரிக்க ஓபனின்போது அமெரிக்காவில் தஞ்சம் கேட்டார். பதினொரு ஆண்டுகள் கழித்து அமெரிக்க அணியின் உடையில் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பினார், அதுவும் இந்தக் கோப்பைக்காக. அன்றைய அரசுக்கு அவர் பெயர் கசப்பு. ஒலிபெருக்கியில் அவர் பெயரை உச்சரிக்காமல், அமெரிக்க வீராங்கனை என்று மட்டும் அறிவித்தார்கள். கூட்டமோ வேறு மாதிரி நடந்துகொண்டது. தம் நாட்டு அணிக்கு எதிராக ஆடியவருக்கே கைதட்டியது. இறுதியில் ஹானா மாண்ட்லிகோவாவை 7-5, 6-1 என்று வென்ற அவர், பாம் ஷ்ரைவருடன் இரட்டையரையும் வென்றார், அமெரிக்காவுக்கு 3-0. ஒற்றையரில் இந்தப் போட்டி வரலாற்றில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. விம்பிள்டனில் ஒருவர் தனக்காக ஆடுகிறார், பெயர்ப்பலகையில் அவர் பெயர்தான் இருக்கும். இங்கே இருப்பது நாட்டின் பெயர். எந்த நாடு தன்னுடையது என்பதற்கே இரண்டு விடை இருந்த ஒருவருக்கு அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: இந்தியா இந்தப் போட்டியில் எங்கே நிற்கிறது? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் ஊரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் தொண்ணூறுகளில் இந்த அணியில் ஆடியவர், 1998 ஆஸ்திரேலிய ஓபன் ஒற்றையரின் பிரதான சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்று புதிய பாதை காட்டியவரும் அவரே. ஆனால் அணி என்ற அளவில் ஆசிய ஓசியானியப் பிரிவைத் தாண்டுவதற்கு 2020 மார்ச் வரை ஆயிற்று. துபாயில் சீனாவிடம் தோற்றுத் தொடங்கிய இந்தியா அடுத்தடுத்து நான்கு அணிகளை வென்றது. கடைசி நாளில் இந்தோனேசியாவுக்கு எதிராக ருதுஜா போஸ்லே முதல் ஒற்றையரைத் தோற்க, அங்கிதா ரெய்னா அடுத்ததை வெல்ல, குழந்தைப் பேற்றுக்குப் பின் நான்கு ஆண்டுகள் கழித்து அணிக்குத் திரும்பிய சானியா மிர்சா அங்கிதாவுடன் சேர்ந்து இரட்டையரை முடித்தார். ஒரு கையில் ராக்கெட், இடுப்பில் ஒன்றரை வயது மகன் என்று ஆடுகளத்தில் அவர் நின்ற படம் அந்த வாரம் எல்லோர் கைப்பேசியிலும் வலம் வந்தது. உலகப் பிரிவில் இடம் பெறுவதற்கான மோதலான பிளே-ஆஃபுக்கு இந்தியா தகுதி பெற்றது அதுவே முதல் முறை.

அந்த பிளே-ஆஃப் 2021 ஏப்ரலில் லாட்வியாவின் யூர்மலா நகரில் நடந்தது, ஐந்து ஆட்ட முறையில். பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்ற ஒஸ்டாபென்கோவை அங்கிதா மூன்றாவது செட் 7-5 வரை இழுத்துச் சென்றும் தோற்றார். கர்மன் தண்டியும் தோற்றார். மறுநாள் முதல் ஆட்டத்தில் அங்கிதா மீண்டும் தோற்றதும் டை முடிந்துவிட்டது. 2025இல் புனேயில் தென் கொரியாவை 2-1 என்று வென்று இரண்டாம் முறை பிளே-ஆஃபுக்குச் சென்றோம். புனேயில் ஸ்ரீவள்ளி பமிடிபதி, ஆடிய ஐந்து ஒற்றையரையும் வென்றார். ஆனால் நவம்பரில் பெங்களூருவில் ஸ்லோவேனியாவிடமும் நெதர்லாந்திடமும் தோற்று ஆசியப் பிரிவுக்கே திரும்பினோம். நம் பலம் நெடுங்காலமாக இரட்டையரில் இருக்கிறது. அந்த ஆட்டம் பயன்பட வேண்டுமானால் அதற்கு முன் ஓர் ஒற்றையரையாவது வென்றிருக்க வேண்டும். யூர்மலாவில் சானியா ராக்கெட்டை எடுத்தபோது வெல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.